ஃபைவ் நைன்!

ஒத்தக்கடையில், யானைமலை தெரியும் ஒரு மொட்டைமாடி அறை. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் அங்கே ஹாம் ரேடியோ வைத்திருக்கிறார். அக்டோபர் கடைசி வார இறுதியில், 48 மணி நேரம் உலகப் போட்டி. யார் அதிக தூரத்து ஆட்களைப் பிடிக்கிறார் என்பதுதான் பந்தயம். வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

எல்லாம் சூரியன் போடும் பிச்சை. சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை அதன் கரும்புள்ளிகள் பெருகும். அப்போது பகலில் 10 மீட்டர் பேண்டில் பூமியின் மறுபக்கத்தோடு பேசலாம். இருட்டினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். 40 மீட்டருக்கு ஓட வேண்டும்.

கரகரப்புக்குள் யாரோ முனகினார்கள். எனக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. சார் மைக்கில் கம்பீரமாகச் சொன்னார்: "ஃபைவ் நைன், ட்வென்டி டூ."

22 என்பது இந்தியா இருக்கும் மண்டலம். 5 என்றால் தெளிவு பிரமாதம். 9 என்றால் சிக்னல் ஏகப் பலம்!

"சார், இது பச்சைப் பொய் இல்லையா?"

"பொய்யில்ல தம்பி, வணக்கம் மாதிரி. போட்டியில எல்லாரும் எல்லாருக்கும் ஃபைவ் நைன்தான்."

பி.காம். படித்த எனக்கு மனசு ஒப்பவில்லை. எல்லா வரவுக்கும் ஒரே தொகை எழுதினால் ஆடிட்டர் விடுவாரா?

ஆனால், ஃபைவ் நைன் கொடுத்த அதே ஆளிடம் சார் "எகைன், எகைன்" என்று மூன்று முறை கேட்டார். அடையாளக் குறியில் ஓர் எழுத்து தப்பினாலும் மார்க் போய்விடுமாம். மரியாதைக்கு ஒரு பொய். உடனே உண்மைக்காக ஒரு பிடிவாதம்!

அந்தப் பிடிவாதத்தின் அருமை 2004-ல் தெரிந்தது. அப்போது ஹாம்களுக்கு அந்தமான் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அந்த டிசம்பரில், பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி போர்ட் பிளேரிலிருந்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். 26-ம் தேதி பூகம்பம், சுனாமி. பொழுதுபோக்குப் பேச்சு நின்றது. தீவுகளில் இருந்தவர்களைப் பற்றிய தகவல்களை அதே ரேடியோ கரைசேர்த்தது. அங்கே ஒரு பெயரில் ஓர் எழுத்து தப்பினால் போவது மார்க் அல்ல, ஒரு குடும்பத்தின் நிம்மதி.

நாம் என்ன செய்கிறோம்? "சௌக்கியமா?", "சௌக்கியம்." போனை வைத்துவிடுகிறோம். அந்த உபசாரப் பொய்யைக்கூட மன்னித்துவிடலாம். "எகைன்" கேட்காமல் விடுகிறோமே, தப்பு அதில்தான் இருக்கிறது.

அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். "நல்லாத்தாம்ப்பா இருக்கேன்."

"சரியாக் கேக்கலம்மா... திரும்பச் சொல்லு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்:

"முழங்கால் வீங்கிக் கிடக்கு. நாலு நாளா மாடிப்படி இறங்கல."