உறுதி என்பது எது?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றனர் நம் முன்னோர். தென்மேற்குப் பருவத்தில் கம்பம் கணவாய் வழியே இறங்கி வரும் அந்தக் காற்று இன்று மின்சாரமாகிறது. ஆண்டிபட்டிப் பக்கமும், கோம்பை, தேவாரம் பக்கமும் மானாவாரி நிலங்களில் வரிசையாய் நிற்கும் காற்றாலைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். புகையில்லை, சாம்பலில்லை என்று மகிழ்கிறோம். ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேட்பதில்லை. 20, 25 ஆண்டுகள் சுழன்று ஓய்ந்த பின் அந்த இறக்கைகள் எங்கே போகும்?

கோபுரம் இரும்பு, உலைக்குப் போய் மீண்டும் இரும்பாகும். மின்னாக்கியின் செம்புக் கம்பிக்கும் மறுவாழ்வு உண்டு. இறக்கைக்கு மட்டும் அது எளிதன்று. ஏனெனில் அது கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்து இறுகிய பொருள்.

நெகிழிகளில் இருவகை உண்டு. நம் வீட்டுக் குடம், வாளி ஆகியவற்றில் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன. சூடேற்றினால் அவை நழுவும். உருக்கி மறுபடி வார்க்கலாம். மற்ற வகையில் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் உள்ளன; பொருள் முழுவதும் ஒரே வலையாகிவிடுகிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் கலந்து இறுகச் செய்த ரப்பரும், 1907இல் பேக்லாந்து கண்ட பேக்கலைட்டும், காற்றாலை இறக்கையின் பிசினும் இவ்வகையைச் சேர்ந்தவை. சூடேற்றினால் இவை உருகா, கருகும். அவற்றின் பெருமையும் அதுவே, குறையும் அதுவே. எந்தப் பிணைப்பு புயலைத் தாங்க வைத்ததோ, அதே பிணைப்புதான் ஓய்ந்த பின் மறுவடிவம் பெறவொட்டாமல் தடுக்கிறது. ஆகவேதான் பல நாடுகளில் பழைய இறக்கைகளை அறுத்து மண்ணில் புதைக்கின்றனர்.

எரேமியா நூலில் அடுத்தடுத்த இரு அதிகாரங்களில் இரு மண்கலங்கள் வருகின்றன. முதலாவது, குயவன் கையில் உருக்குலைந்த ஈரக் களிமண்; அவன் அதையே வேறு கலமாக வனைகிறான். மற்றது, சுட்டு முடித்த சாடி. உடைத்தால் ஒட்ட வைக்க முடியாதது. மனிதர் நெடுங்காலமாக அறிந்திருந்த தேர்வு இவை இரண்டே. இளகியிருந்தால் திருத்தலாம், ஆனால் உறுதியில்லை. சுட்டுவிட்டால் உறுதி உண்டு, ஆனால் திருத்தம் இல்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே 2011ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லுட்விக் லெய்ப்லர் என்னும் அறிவியலாளரும் அவர்தம் குழுவினரும் மூன்றாம் வழியொன்றைக் காட்டினர். அவர்கள் ஆக்கிய எப்பாக்சிப் பொருளிலும் குறுக்குப் பிணைப்புகள் உண்டு. ஆனால் போதிய வெப்பம் ஏறும்போது, வினையூக்கியின் துணையால், அப்பிணைப்புகள் தமக்குள் இடம் மாறிக்கொள்கின்றன. புதிய பிணைப்பு உருவாகும் அதே செயலில்தான் பழையது விடுபடுகிறது. எனவே பிணைப்புகளின் எண்ணிக்கை குறைவதில்லை, வலை அறுபடுவதில்லை. சூடான கண்ணாடியைப் போல் அதை வளைக்கலாம், ஒட்டலாம், மறுபடி வார்க்கலாம். ஆறியதும் பழைய உறுதியோடு நிற்கும். கண்ணாடியை ஒத்த இப்பண்பினால் விட்ரிமர் என்று அதற்குப் பெயரிட்டனர்.

2024இல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வுக்கூடத்தார் இவ்வாறு மாறிக்கொள்ளும் பிணைப்புகளையுடைய ஒரு பிசினால் 9 மீட்டர் நீள மாதிரி இறக்கையைச் செய்தனர். தாவரங்களிலிருந்து பெறத்தக்க மூலப்பொருள்களைக் கொண்டு ஆக்கத்தக்கது அப்பிசின். மெத்தனாலில் சூடேற்றினால் ஆறு மணி நேரத்தில் பிசின் பிரிகிறது. கண்ணாடி இழை மறுபடி பயன்படும் நிலையில் கைக்கு வருகிறது.

இச்செய்தி நம் மனத்தில் ஒரு பழைய எண்ணத்தை அசைக்கிறது. மாறாதிருப்பதே உறுதி என்று நாம் நம்பி வந்திருக்கிறோம். "முறிந்தாலும் முறிவேன், வளையமாட்டேன்" என்பதைப் பெருமையாகப் பேசுகிறோம். பாகப்பிரிவினையில் ஒரு வரப்புக்காகப் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பியரை எத்தனை ஊர்களில் காண்கிறோம்! அங்கே வளையாமையால் காக்கப்பட்டது எது? உறவு அன்று, வரப்பு மட்டுமே. பழைய கைப்பிடி விடுபடும் அந்நொடியிலேயே புதிய கைப்பிடி அமைய வேண்டும். எவரும் தனித்து விடப்படலாகாது. அவ்வாறு மாறுகிற குடும்பமே நிலைக்கும் குடும்பம்.

அப்படியானால் எல்லாவற்றையும் எளிதில் மாற்றலாமே, வாக்குக்கு என்ன மதிப்பு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விட்ரிமர் சிறு வெயிலுக்கெல்லாம் இளகுவதன்று. குறித்த வெப்பத்தை எட்டும்வரை அது இறுகியே நிற்கும். நம் வாக்கும் அவ்வாறே. சலிப்புக்கும் வசதிக்கும் இளகுதல் கூடாது. உண்மையின் வெப்பம் தொடும்போது இறுகிக் கிடத்தலும் கூடாது. எது சலிப்பு, எது உண்மை என்று பகுத்தறியும் பொறுப்பு நம் மனச்சான்றினுடையது. வேதியியல் அதை நமக்காகச் செய்து தராது.

இன்னொரு பொறுப்பும் நம்முடையதே. ஒரு பொருளை ஆக்குகிறவன் அதன் முடிவையும் எண்ணியே ஆக்க வேண்டும். மின்சாரத்தின் பயனை நாம் துய்த்து, ஓய்ந்த இறக்கைகளின் சுமையைப் பேரப்பிள்ளைகளின் நிலத்தில் விட்டுச் செல்வது நீதியாகுமா? 20 ஆண்டுகளைக் கடந்த காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கெனத் தமிழக அரசு 2024இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. பழையன இறங்கும் காலம் வந்துவிட்டது என்பதே இதன் பொருள். புதிய பிசின் ஏற்கெனவே இறுகிப்போன இறக்கைகளை மீட்காது. ஆகவே நிலத்தைக் குத்தகைக்கோ விலைக்கோ தரும் உழவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கேட்டுப் பெறுவது நலம்: ஓய்ந்தபின் இதை அகற்றுபவர் யார், எங்கே கொண்டு செல்வார்?

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் அறுவடை முடிந்ததும் கொடியைக் கவாத்து செய்கிறோம். அடுத்த காய்ப்பு அந்த வெட்டிலிருந்தே துளிர்க்கிறது. கொடிக்கு நாம் தரும் இந்த வாய்ப்பை, நாம் ஆக்கும் பொருள்களுக்கும் நம்மோடு வாழும் மனிதருக்கும் மறுக்காதிருப்போம்.