சுழுத்தியில் பகைவன் எங்கே?

மனம் நண்பனா, பகைவனா என்ற கேள்விக்குக் கீதையின் ஆறாம் அத்தியாயம் இரண்டும்தான் என்கிறது: வென்றவனுக்கு நண்பன், வெல்லாதவனுக்குப் பகைவன். கட்டுக்கும் வீட்டுக்கும் மனமே காரணம் என்பது அமிர்தபிந்து உபநிடதத்தின் கருத்து. சைவ சித்தாந்தம் இவற்றை மறுப்பதில்லை; வழக்கை மட்டும் வேறிடத்துக்கு மாற்றுகிறது. வெள்ளவத்தையில் மாலை வேளைகளில் சித்தாந்தம் கேட்கும் சீடன் ஒருவனும் அவன் குருவும் பேசிக்கொள்வதாக அமைந்த இவ்வுரையாடல் அந்த மாற்றத்தைப் பற்றியது.

சீடன்: ஐயா, சைவர்களாகிய நமக்குக் கீதை எதற்கு?

குரு: கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தந்தையார் 1857இல் எழுப்பினார். அதைக் கருங்கல்லில் புதுக்கிய இராமநாதன்தான் கீதையைத் தமிழில் உரையோடு தந்தவர். அவருக்கு வராத சங்கடம் உமக்கேன் தம்பி? மேலே கேளும்.

சீடன்: அந்தக் கோயிலில்தான் என் ஐயமும் பிறந்தது. தீபாராதனை நடக்கிறது. மணியும் மேளமும் காதை அடைக்கின்றன. கை தலைக்குமேல் கூப்பியிருக்க, மனம் கொட்டாஞ்சேனை வீட்டுக்காரர் கேட்ட அட்வான்ஸைக் கணக்குப் பார்க்கிறது. இதை அடக்குவது யார்? மனத்தால்தான் மனத்தை அடக்கவேண்டும் என்றால், பகைவனை அடக்கப் பகைவனிடமே ஆள் கேட்பதாகாதா?

குரு: மனம் சடம். மாயையில் தோன்றிய கருவி. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற அந்தக்கரணம் நான்கில் எதுவும் ஆன்மா அன்று என்பதைச் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் நிறுவும் மெய்கண்டார், அரசனையும் அமைச்சரையும் உவமை காட்டுகிறார். மனம் ஒன்றைப் பற்றி ஐயுறும், புத்தி நிச்சயிக்கும். கொலுவில் இருப்பவன் ஆன்மா. வாடகைக் கவலை யாருடையது? அரசன் கேட்ட ஏட்டைத்தான் அமைச்சன் கொண்டுவந்து வைத்தான்.

சீடன்: அமைச்சன் பொய் சொன்னால்? அரசன் எதையும் அறிவது அமைச்சர் வாயிலாகத்தானே?

குரு: நல்ல தடை. மனத்தை விலக்கிப் பார்ப்போம். ஆன்மாவுக்கு நனவு, கனவு, சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து அவத்தைகள். நனவில் 35 கருவிகள் தொழிற்படும். கனவில் 25. கனவற்ற உறக்கமாகிய சுழுத்தியில் 3 மட்டுமே. மனம் அவற்றில் இல்லை. மனம்தான் பகைவன் என்றால், நாள்தோறும் உறக்கத்தில் பகை ஒழிந்து வீடு கிடைத்திருக்க வேண்டும். உறங்கி எழுந்தவர் எவரும் ஞானியாக எழுந்ததில்லை. படுக்கும்போது இருந்த அறியாமையோடுதான் எழுகிறோம். மனம் ஓய்ந்தபோதும் ஓயாத ஒன்று இருக்கிறது. அது ஆணவ மலம். செம்பில் களிம்பாக அரசனோடே பிறந்தது, அமைச்சர் அறியாதது. அமைச்சர் அத்தனை பேரும் விடைபெற்றுப் போனபின் கொலுமண்டபத்தில் எஞ்சுவது இருட்டுத்தான். அந்த இருளில் கொஞ்சமாவது காணட்டும் என்றே மாயையின் கருவிகளை இறைவன் உயிருக்குக் கூட்டினான். ஆகவே பிறப்பால் மனம் நண்பன். ஆணவத்தால் மறைப்புண்டவன் கையில் அது பகைவனாகத் தோன்றுகிறது.

சீடன்: சித்தம் பேதலித்தவர்களின் நிலை?

குரு: அது மருத்துவரிடம் போகவேண்டிய காரியம். சாத்திரத்தை அங்கே இழுக்கவேண்டாம்.

சீடன்: ஆன்மாவே இல்லை என்னும் பௌத்தர்?

குரு: சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அருணந்தியார் அவர்களோடு வாதாடியிருக்கிறார். படித்துவிட்டு வாரும்.

சீடன்: அப்படியானால் அரசன் செய்யவேண்டியது என்ன?

குரு: அமைச்சரை விரட்டுவதல்ல. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது. உலகைச் சார்ந்தால் உலகு, சிவத்தைச் சார்ந்தால் சிவம். சார்பை மாற்றும் வலிமையும் அதற்குத் தனியே இல்லை. கண்ணுக்குப் பொருளைக் காட்டுவதோடு உடனிருந்து காண்பதும் உயிர் என்பதுபோல, உயிருக்கு இறைவன் காட்டியும் கண்டும் உதவுகிறான். நம் பங்கு, அந்த உதவிக்குக் கருவிகளைப் பழக்கிவைப்பது. அருச்சுனன் மனம் காற்றைப்போல அடங்காதது என்று முறையிட்டபோது கண்ணன் சொன்ன வழி பயிற்சியும் பற்றின்மையும். பதஞ்சலியும் இதே இரண்டைத்தான் வைத்தார். சைவத்தில் இப்பயிற்சி படிமுறையாக வருகிறது: கோயிலைக் கூட்டி மெழுகும் சரியை புறத்தொழில்; பூசையாகிய கிரியையில் புறமும் அகமும் சேரும்; யோகம் அகத்தொழில் மட்டும். ஞானத்தில் கருவிகள் கழலும், அவற்றோடு இக்கேள்வியும்.