பதினைந்து ஆண்டுக் கல்லறை

சிங்கப்பூரில் பீஷான் ரயில் நிலையத்தைச் சுற்றிப் பேய்க்கதைகள் ஏராளம். காரணம் இல்லாமல் இல்லை. 1870 முதல் கான்டனீஸ், ஹக்கா சீனர்கள் தம் முன்னோரை அடக்கம் செய்த பெக் சான் தெங் இடுகாடு அங்கேதான் இருந்தது. 1979இல் அரசு நிலத்தைக் கையகப்படுத்தி, லட்சம் கல்லறைகளுக்கு மேல் தோண்டி எடுத்துவிட்டு, ஒரு நகரையே கட்டியது. இன்று அங்கே குடியிருப்பவர்கள் நிம்மதியாகத்தான் தூங்குகிறார்கள்.

செத்தவருக்கு நிலத்தின் மேல் பாத்தியதை உண்டா?

சுமார் 730 சதுர கிலோமீட்டர் தீவில் 60 லட்சம் பேர். நகரத் திட்டக்காரர்கள் இந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் எழுதிவிட்டார்கள். 1998 நவம்பரில் வந்த விதிப்படி, ஒரு கல்லறைக்கு ஆயுள் 15 ஆண்டு. கெடு முடிந்தால் தோண்ட வேண்டும். மதம் இடம் கொடுத்தால் எரியூட்டலாம், இல்லையென்றால் சிறிய குழியில் மறுபடி அடக்கம். புதிதாகப் புதைக்க சுவா சூ காங் இடுகாடு தவிர வேறு இடமில்லை. 2007 முதல் அங்கேயும் மண் வீணாகாதபடி கான்கிரீட் அறைகளை நெருக்கி அடுக்கிவருகிறார்கள்.

பார்வைக்கு இது வெறும் கணக்கு. உள்ளே இருப்பது இறையியல். மறுமை நாளில் கபரிலிருந்து எழுப்பப்படுவோம் என்று நம்பும் முஸ்லிமுக்கும், முன்னோர் எலும்பில் குடும்பத்தின் நலம் இருப்பதாக நம்பும் சீனருக்கும் இந்த 15 ஆண்டு ஒரே அளவில் வலிப்பதில்லை. அவசியமின்றிக் கபரைத் தொடலாகாது என்பது இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் பொதுவான நிலை. அந்த ‘அவசியம்’ எது என்பதைச் சிங்கப்பூரில் நில வரைபடம் முடிவு செய்கிறது. பிடாடாரி இடுகாட்டில் 2001க்கும் 2006க்கும் இடையே ஏறத்தாழ 58,000 கிறிஸ்தவக் கல்லறைகளும் 68,000 முஸ்லிம் கபர்களும் தோண்டப்பட்டன. அங்கே இப்போது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள்.

இந்துக்களுக்குச் சிக்கலில்லை என்று தோன்றும்: மண்டாய் தகனச்சாலை, கடலில் அஸ்தி, முடிந்தது. “நாங்கள் ஒரு சாண் மண்ணையும் அடைப்பதில்லை” என்று பெருமை பேசுவோரும் உண்டு. ஆனால் குழந்தைகளையும் துறவிகளையும் நாமும் புதைக்கிறோம். தமிழகத்தில் பல சாதிகளில் எல்லோரையுமே புதைப்பதுதான் வழக்கம். சித்தர் சமாதியைப் பெயர்த்துவிட்டு அடுக்குமாடி கட்டுவோம் என்று இங்கே ஓர் அமைச்சர் சொல்லிப் பார்க்கட்டும்!

2011இல் புக்கிட் பிரவுன் இடுகாட்டின் நடுவே எட்டு வழிச் சாலை அறிவிக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. தன்னார்வலர்கள் புதர் விலக்கி, கல்வெட்டுகளைப் படித்துப் படமெடுத்தார்கள். நாலாயிரத்துக்குச் சற்று அதிகமான கல்லறைகளுக்கு எண் எழுதிய முளைக்குச்சி அடிக்கப்பட்டது. எலும்பில் வெயில் படலாகாது என்று சில குடும்பங்கள் குடை பிடித்தன. சாலை வந்தே விட்டது.

இதைக் கொடுமை என்று முழுக்கச் சொல்லவும் முடியவில்லை, உயிருள்ளவருக்கும் அங்கே நிலம் சாசுவதமில்லை என்பதால். கழக வீட்டுக்கே குத்தகை 99 ஆண்டுதான். கேலாங் லோரோங் 3இல் 191 தனியார் வரிசை வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. இழப்பீடு ஏதுமின்றி நிலம் அரசிடம் திரும்பியது. ஒரே வித்தியாசம்: அந்த வீட்டுக்காரர்களால் தொகுதி எம்.பி.யைப் பார்த்து முறையிட முடிந்தது.