யோசனையின் எடை

சென்ற தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு விருதுநகரில் ஒரு லாரி பார்சல் ஆபீஸுக்குப் போயிருந்தேன். சென்னையிலுள்ள பேத்திக்குச் சில பனையோலைப் பெட்டிகள் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கட்டியிருந்தேன். தராசில் வைத்தார்கள். 4 கிலோ. ரசீதிலோ 12 கிலோ என்று எழுதியிருந்தது.

"தராசு ஒன்று சொல்கிறது, ரசீது வேறொன்று சொல்கிறதே?" என்று கேட்டேன்.

குமாஸ்தா சிரித்தார். "நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 40, உயரம் 25. மூணையும் பெருக்கி 5,000 ஆல வகுத்தா 12 வருது அண்ணாச்சி. எடையோ இடமோ, எது கூடுதலோ அதுக்குத்தான் கூலி. யாரோ ஓர் ஆலோசகர் வந்து சொல்லிட்டுப் போனாராம். அதுலேருந்து இந்தக் கணக்குத்தான்."

எரிச்சலோடுதான் பணத்தைக் கட்டினேன். வெளியே வந்து யோசித்தபோது, கணக்கில் நியாயம் இருப்பது புரிந்தது. லாரி நிறையப் பஞ்சு ஏற்றினால், வண்டி தாங்கக்கூடிய எடை வருவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். காற்றை அடைத்து அனுப்புகிறவன் காற்றுக்கும் கூலி கொடுக்க வேண்டியதுதான். விமானச் சரக்கில் பழகிய முறை இது. அமெரிக்காவில் ஃபெட்எக்ஸ், யூபிஎஸ் என்ற இரு பெரும் கம்பெனிகளும், பெரிய பெட்டிகளுக்கு மட்டும் இருந்த இந்தக் கணக்கை 2015 தொடங்கும் சமயத்தில் தரைவழிச் சிறு பெட்டிகளுக்கும் விரித்தன. ஆகவே யோசனையில் எனக்குக் குறையில்லை. 'யாரோ' என்ற அந்தச் சொல்தான் மனத்தில் முள்ளாகத் தைத்தது. பேர் தெரியாத ஒருவர் வந்தார்; ஒரு வார்த்தை சொன்னார்; போய்விட்டார். அந்த வார்த்தை மட்டும் ஒவ்வொரு ரசீதிலும் உட்கார்ந்திருக்கிறது.

அன்று மாலை சிவகாசியில் ஒரு சிநேகிதர் வீட்டில் இதைச் சொன்னேன். அவருடைய மகன் சரக்குக் கம்பெனிகளுக்கு யோசனை சொல்லும் உத்தியோகத்தில் இருக்கிறான். கெட்டிக்காரப் பையன்.

"நான் யோசனை மட்டும்தானே சொல்றேன், பெரியப்பா? ஏத்துக்கறதும் தள்ளுறதும் முதலாளி இஷ்டம். அப்புறம் எனக்கு என்ன பொறுப்பு?" என்றான்.

நீங்களும் நானும் தினமும் சொல்லிக்கொள்கிற சமாதானம்தான் இது. இதைச் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த உத்தியோகத்தின் மூலபுருஷர்களில் ஒருவர் டெய்லர் என்ற அமெரிக்கர். 1898-இல் பெத்லஹெம் இரும்பாலை அவரை அமர்த்தியது. அங்கே கூலியாட்கள் ஏறக்குறைய 42 கிலோ எடையுள்ள இரும்புப் பாளங்களைத் தூக்கி ரயில் வாகன்களில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்குப் 12½ டன் ஏறியது. டெய்லரின் முறையில் அது 47½ டன் ஆயிற்று என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆயிற்று. சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை. கணக்கு எழுதியவர் ஒரு பாளத்தையும் தம் தோளில் வைத்து நாள் முழுதும் நடக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1910-இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ரயில் கம்பெனிகள் சரக்குக் கட்டணத்தை உயர்த்தக் கேட்டன. சரக்கு அனுப்புகிறவர்களின் பக்கம் வாதாடிய பிராண்டைஸ் என்ற வக்கீல், எமர்சன் என்ற ஆலோசகரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். ஒழுங்காக நிர்வாகம் செய்தால் ரயில்வேக்கள் நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலர் மிச்சம் பிடிக்கலாம் என்றார் அவர். 1911-இல் கட்டண உயர்வு மறுக்கப்பட்டது. யோசனை சொல்பவன் யார் பக்கத்தில் நிற்கிறான் என்பதைப் பொறுத்து, அது சுமையும் ஆகும், சுமைதாங்கியும் ஆகும்.

இந்த வட்டாரத்திலேயே ஒரு பழைய சரக்குக் கதை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டியில் சரக்குக் கொண்டு போன நாடார் வணிகர்களுக்கு வழிப்பறி ஒரு தீராத பயம். சிவகாசியிலும், அன்று விருதுப்பட்டி என்று பெயர் கொண்டிருந்த விருதுநகரிலும், அருப்புக்கோட்டை முதலான ஊர்களிலும் அவர்கள் பேட்டைகள் கட்டினார்கள். வண்டியும் மாடும் மூட்டையும் இரவில் அங்கே பத்திரமாகத் தங்கும். சரக்குக்கு இவ்வளவு என்று 'மகமை' விதித்துக்கொண்டார்கள். அந்தப் பொதுப்பணம் பள்ளிக்கூடங்களுக்கும் போயிற்று. 1889-இல் தோன்றி, பின்னாளில் காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலை அவற்றில் ஒன்று. அங்கே விதி வகுத்தவனும் மகமை கொடுத்தான். அவனுடைய மூட்டையும் அதே பேட்டையில்தான் கிடந்தது. விதி தப்பினால் அவன் சரக்கும் போகும்.

இவ்வளவும் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். அன்றிரவு அந்தப் பையனிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்பு உறவினர் ஒருவர், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்குத் தீபாவளிப் பட்டாசு அனுப்ப வழி கேட்டார். பட்டாசைச் சாதாரணப் பார்சலோடு கலந்து அனுப்புவது குற்றம். ரயிலில் போட்டால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி மூன்று வருஷம் வரை சிறை. அதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சிரித்துக்கொண்டே, "பெட்டி மேல் 'புத்தகம்' என்று எழுதிப் போடுங்கள். உடைத்தா பார்க்கப் போகிறார்கள்?" என்றேன். அவர் அப்படியே செய்தார்.

வழியில் ஓர் ஊரில் பெட்டிகளை இறக்கி வைத்தார்கள். மூட்டை தூக்கும் ஒருவர் இளைப்பாற அந்தப் பெட்டி ஓரமாக உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். அட்டை கிழிந்திருந்த இடத்தில் பொறி விழுந்திருக்கிறது. வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று.

உறவினரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "புத்தகம்னு எழுதியிருந்துச்சு, ஐயா. தெரிஞ்சிருந்தா நெருப்போட கிட்டக்கூடப் போயிருக்க மாட்டேன்" என்றார் அவர். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படித்ததை நம்பினார். நம்பியதற்குத் தண்டனை அது. உறவினர் வைத்தியச் செலவைக் கொடுத்தார். வழக்கில் அபராதமும் கட்டினார். என் பேர் எந்தக் காகிதத்திலும் வரவில்லை. எழுதியவன் நானல்ல, அனுப்பியவன் நானல்ல. யோசனை மட்டும்தான் என்னுடையது.

பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஆளிடம் நீங்க சொல்லவே இல்லையா, பெரியப்பா?" என்றான்.

"இல்லை" என்றேன்.

யோசனை சொல்லாமல் உலகம் நடக்காது. ஆனால் சொல்வதற்கு முன் ஒரு கேள்வியாவது கேட்டுக்கொள்ளலாம்: இதை யார் தூக்கப் போகிறார், அவர் உட்காரும் இடத்தில் நான் உட்காருவேனா? முதலாளியோடு பேசிவிட்டுத் திரும்புகிற ஆலோசகர், மூட்டை ஏறும் இடத்தில் ஒரு நாள் நின்றுவிட்டுப் போனால் என்ன? சரக்குக்குத் தராசு இருக்கிறது. இடத்துக்கும் கணக்கு வந்துவிட்டது. என் வார்த்தையின் எடையை வெந்துபோன அந்தக் கைதான் காட்டியது. அதற்குரிய கூலியை நான் இன்னும் கட்டவில்லை.