ஓரொலியில் இரு சொற்கள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவத்தை ஸேவிக்க எழுந்தருளியிருக்கும் பாகவதோத்தமர்களுக்கு அடியேனுடைய விண்ணப்பம்.

ஸம்ஸ்க்ருத பாடசாலையில் வாசித்த அடியேனுக்கு ஆங்கிலம் அரைகுறையே. ஆயினும் அம்மொழியின் இரு சொற்கள் அடியேனுக்கு ஒரு பாடம் கற்பித்தன. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருச் சிறுவன் ஒருவன் தன் ஆங்கிலக் கட்டுரை நோட்டைக் காட்டினான். 'எங்கள் கோயிலில் விக்ரஹம் உண்டு' என்று எழுத நினைத்தவன், எழுத்துப் பிழையால் 'சோம்பியிருப்பது உண்டு' என்று பொருள்படும்படி எழுதிவிட்டான்.

விக்ரஹத்திற்கு ஐ, டி, ஓ, எல். சோம்பலுக்கு ஐ, டி, எல், ஈ. உச்சரிப்பில் இரண்டும் ஒன்றே. பேதம் தெரிவதற்காக முன்னதை ஐடல் என்றும் பின்னதை ஐடில் என்றும் இங்கு எழுதுகிறேன்.

ஒலி ஒன்றாயினும் குலம் வேறு. ஐடல் கிரேக்கத்தில் பிறந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. மூலத்தில் அதற்கு உருவம், நிழல், மாயத்தோற்றம் என்று பொருள். பின்னர், பிறர் வணங்கும் உருவங்களை இகழ்வதற்கு அது பயன்பட்டது. பிரான்ஸிஸ் பேக்கன் என்னும் ஆங்கில அறிஞர் 1620-ல் வெளியிட்ட லத்தீன் நூலில், மனித மனத்தின் மயக்கங்களுக்கே இச்சொல்லைப் பெயராக இட்டார்.

ஐடிலோ பழைய ஆங்கிலத்திலேயே உள்ள சொல். அதன் முதற்பொருள் சோம்பலன்று, வெறுமை. உள்ளீடற்றது என்பது கருத்து. வெறுமையிலிருந்து பயனின்மையும், அதிலிருந்து தொழிலின்மையும் பிறந்தன. வேலையற்றவன், வீண்பேச்சு, நின்றபடியே உறுமும் மோட்டார் வண்டி ஆகிய மூன்றையும் குறிக்க இச்சொல் வழங்கும்.

நம் எம்பெருமானை ஐடல் என்னலாமோ? நிழல் என்னும் பொருளில் தகாது. அர்ச்சை என்பது பூஜித்தலைக் குறிக்கும் தாதுவிலிருந்து வந்த சொல். விக்ரஹம் எனில் திருமேனி. பரம், வ்யூஹம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என்று ஐந்து நிலைகள். இவற்றிற்குப் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் த்ருஷ்டாந்தம் அருளுகிறார். தாஹமெடுத்தவனுக்கு அந்தர்யாமி பூமிக்கடியிலுள்ள நீர்; பரம் அண்டத்திற்கு அப்பாலுள்ள நீர்; வ்யூஹம் பாற்கடல்; விபவம் பெருகியோடிய ஆறு; அர்ச்சையோ அந்த ஆற்றின் மடுக்களில் தேங்கிய நீர். கைக்கெட்டுவது இது ஒன்றே அன்றோ!

ஆகவே ஸந்நிதியில் நிற்பது நிழலன்று. அசையாது நிற்பதால் தொழிலற்றதும் அன்று. கோயிலுக்கு வர இயலாத முதியோரும் நோயுற்றோரும் தம் வாசலிலேயே ஸேவிக்கும்படி, உத்ஸவத்தில் அவனே வீதிக்கு எழுந்தருளுகிறான்.

நிற்க. சிறுவனின் பிழையைக் கண்டு அன்று அடியேன் சிரித்தேன். இரவு நடை சாற்றிய பின் அச்சிரிப்பு அடங்கிற்று. அன்று மாலைத் திருவாராதனத்தில் வாய் மந்த்ரத்தைச் சொல்ல, மனம் பெண்ணின் கல்யாணச் செலவைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. வெளியூர் மூதாட்டி ஒருத்தி தீர்த்தத்திற்குக் கை நீட்டி நின்றதையும் பாராமல் உள்ளே திரும்பிவிட்டேன். வெறுங்கையோடு அவள் போனது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஸந்நிதியில் உள்ளீடற்று நின்றது யார்? பெருமாள் அல்லர், அடியேன். சிறுவன் அர்ச்சகனைப் பற்றி எழுதியிருந்தால் அது பிழையாகாது.

அன்பர்களே! கூட்டத்தில் நெருக்குண்டு வந்து ஸேவிக்கும் கணம் மிகச் சிறிது. அக்கணத்தில் வாசலில் விட்ட செருப்பையும் புறப்படப்போகும் பஸ்ஸையும் மறந்து, திருவடி தொடங்கித் திருமுடி வரை கண்ணாரச் ஸேவியுங்கள். உள்ளீடுள்ள ஒரு நமஸ்காரம் போதும். அடியேன் போன்றவன் எங்கோ நினைவாக நின்றால், "ஸ்வாமி, தீர்த்தம்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவனை விழிக்கச் செய்வதும் ஒரு கைங்கர்யமே.

அடியேன்,
ராமாநுஜதாஸன்