கறளும் காயமும்

லாச்சப்பலில் இருந்து இரண்டாம் இலக்க மெற்றோ எடுத்து, பிளாஸ் து கிளிஷியில் பதின்மூன்றுக்கு மாறினால் அன்வலிட் வந்துவிடும். போரில் அங்கம் இழந்தவர்களுக்கும் முதிய சிப்பாய்களுக்குமென்று பதினான்காம் லூயி 1670இல் கட்டச் சொன்ன மாளிகை அது. இன்றும் அதன் ஒரு பகுதியில் போரில் காயம்பட்டோருக்கான ஆஸ்பத்திரி இயங்குகிறது. இன்னொரு பகுதியில் 1905இல் உருவான இராணுவ அருங்காட்சியகம். அங்கே உருக்குக் கவசங்கள் வரிசை வரிசையாக மினுங்குகின்றன. ஒரே கூரையின் கீழ் காயமும் மினுக்கமும். போரின் பொருட்களை இப்படித் துலக்கி வைப்பது நியாயமா என்பதே என் கேள்வி.

சமையலறையில் வேலை செய்பவனுக்கு இரும்பின் குணம் தெரியும். எவர்சில்வர் சட்டி எதையும் பொறுக்கும். இரும்புத் தாச்சியை ஈரத்தோடு வைத்துவிட்டுப் போனால் காலையில் கறள் பிடித்திருக்கும். கறள் இரும்பைவிடக் கூடுதலான இடத்தைப் பிடித்து, ஊதி உதிர்ந்து, அடியிலுள்ள புது இரும்பைக் காற்றுக்கும் ஈரத்துக்கும் திறந்துவிடுகிறது என்பது நான் இடையில் விட்டுவந்த பல்கலைக்கழக இரசாயனத்தில் மிஞ்சியிருக்கும் அறிவு. விரல் வியர்வையின் உப்பே போதும், அதைத் தொடக்கிவைக்க.

கறளைப் போக்குவதிலும் ஆபத்து உண்டு. அந்தக் காலத்தில் சங்கிலிக் கவசங்களை மணலும் வினாகிரியும் போட்டு பீப்பாவில் உருட்டினார்கள். தேய்க்கும்தோறும் கறளோடு இரும்பும் போகும். 19ஆம் நூற்றாண்டில் பல சேகரிப்புகளில் கவசங்களை அளவுக்கு மீறி மினுக்கியதில், முன்பு அவற்றிலிருந்த நீலமும் பழுப்பும் பொன்பூச்சும் அழிந்தன. நாம் வெள்ளை வெளேரென்று காணும் கவசங்களில் சில, அணிந்தவன் காலத்தில் அந்த நிறத்தில் இருந்தவையல்ல. ஆகவே இன்று இந்த வேலை செய்பவர்கள் கையுறை போட்டு, பழைய கொழுப்பைத் துடைத்து, கறள் உள்ள இடத்தை மட்டும் எண்ணெய் தொட்டு மெதுவாக எடுத்து, மெல்லிய மெழுகு பூசி, ஈரமில்லாத காற்றில் வைக்கிறார்கள்.

அதே அருங்காட்சியகத்தில் ஃபோவோ என்ற இளம் குதிரைவீரனின் மார்புக் கவசம் இருக்கிறது. 1815 யூன் 18, வாட்டர்லூ. பீரங்கிக் குண்டு முன்னால் புகுந்து பின்னால் போன துளை அப்படியே தெரிகிறது. கவசத்தைக் கறளில் இருந்து காக்கிறார்கள். துளையை ஒருவரும் அடைக்கவில்லை. கறள் நம் கவனக்குறைவால் வருவது, துளை போரால் வந்தது. முதலாவதை நிறுத்தவேண்டும், இரண்டாவதைத் தொடக்கூடாது.

ஔவையார் தொண்டைமானின் ஆயுதசாலையில் நெய் பூசி, மாலை சூட்டி வைத்திருந்த வேல்களைப் பார்த்துச் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அதை வீரத்தின் புகழாகவே எங்களுக்குப் படிப்பித்தார்கள். நெய் பூசிய அந்த வேல்கள் ஒருவரையும் கொல்லவில்லை என்பதும் அதே பாட்டில்தான் இருக்கிறது. அதை ஒரு வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

என்னோடு கோப்பை கழுவும் அண்ணர் ஒருவர் வன்னியில் இருந்து வந்தவர். 2009 மே மாதத்தைச் சொல்லத் தொடங்கினால் எப்போதும் ஓரிடத்தில் நின்றுவிடுவார். "பிறகு என்ன அண்ணை?" என்றால், "பிறகு இல்லையடா தம்பி" என்பார். ஒரு கூட்டத்தில் அவரைப் பேச அழைத்தவர்கள், அந்த இடத்தைத் தாங்களே வீரக்கதையால் நிரப்பி எழுதிக் கையில் கொடுத்தார்கள். அவர் வாசிக்கவில்லை. வீட்டில் பிள்ளைகளோ கேட்பதேயில்லை. ஒரு பக்கம் தேய்த்தே அழிக்கிறார்கள், மறுபக்கம் கறள் தின்னவிடுகிறார்கள். முடிவில் அந்த மனிதருக்கு நடந்தது இரண்டிலும் இல்லாமல் போகும்.

ஆகவே துலக்குவது சரியா என்ற கேள்விக்கு என் பதில்: சரி, ஆனால் மினுக்குவதற்காக அல்ல. அண்ணர் சொல்வதைச் சொன்னபடி எழுதவேண்டும், அவர் நிறுத்திய இடத்தில் நாமும் நிறுத்தவேண்டும். அந்த வெற்றிடத்தை எழுத்தில் வெற்றிடமாகவே விடவேண்டும். இது ஒரு நாள் விழாவில் முடிகிற காரியமல்ல. தாச்சிக்கு எண்ணெய் தடவுவதுபோல, வேலை முடிந்த ஒவ்வொரு இரவும் யாராவது பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும்.