விட்டுக்கொடுத்தல் பொய்யாகுமா?

தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று உறுதியாக நம்பும் ஒருவர், தாம் சார்ந்த குழுவின் ஒற்றுமைக்காக விட்டுக்கொடுக்கலாமா? அவ்வாறு விட்டுக்கொடுப்பது சத்தியத்திற்கு இழைக்கும் துரோகமாகாதா? அலுவலகமாயினும் ஆசிரமமாயினும், நான்கு பேர் கூடிப் பணிபுரியும் எந்த இடத்திலும் என்றேனும் ஒருநாள் எழுகின்ற கேள்வி இது. குழுவாகச் செயல்படும் திறனைக் கற்பிக்க இன்று பயிற்சி வகுப்புகள் பல நடைபெறுகின்றன. இனிமையாகப் பேசவும் பொறுமையாகக் கேட்கவும் அங்கே கற்றுத் தருகிறார்கள்; நல்லதே. ஆனால் மேற்கண்ட கேள்வியை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. பௌத்த சங்கம் அதை நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்தது. அந்த வரலாறு விநய பிடகத்தில், மகாவக்கத்தின் பத்தாம் அத்தியாயமாக அமைந்துள்ளது.

நிகழ்ந்த இடம், வத்ஸ நாட்டின் தலைநகரான கோசாம்பி. இன்றைய பிரயாக்ராஜுக்குத் தென்மேற்கே, யமுனைக் கரையில் அந்நகரின் இடிபாடுகள் உள்ளன. 1949-இல் அலகாபாத் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வுகளில் அங்கிருந்த கோசிதாராமம் என்ற விகாரையும் வெளிப்பட்டது. அவ்விகாரையில் இரு பிக்குகள் வாழ்ந்தனர் என்கின்றன பழைய உரைகள். ஒருவர் விநய விதிகளில் வல்லவர். மற்றவர் தர்மத்தை எடுத்துரைப்பதில் வல்லவர். இருவருக்கும் தனித்தனியே மாணவர் குழு இருந்தது. ஒருநாள் தர்ம வல்லுநர் கழிப்பறையில் எஞ்சிய நீரைக் குவளையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். அடுத்துச் சென்ற விநய வல்லுநர் அதைக் கண்டு, அது குற்றம் என்றார். அப்படியாயின் ஒப்புக்கொள்கிறேன் என்றார் மற்றவர். வேண்டுமென்றே செய்யாவிடில் குற்றமில்லை என்று விநய வல்லுநர் கூற, இருவரும் கலைந்தனர்.

விஷயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் விநய வல்லுநர் தம் மாணவர்களிடம், அவர் குற்றம் செய்துவிட்டு அதை உணராமலும் இருக்கிறார் என்று சொன்னார். அவர்கள் அதை மற்றவரின் மாணவர்களிடம் சொன்னார்கள். செய்தி தர்ம வல்லுநரின் காதுக்கு எட்டியது. அன்று குற்றமில்லை என்றவர் இன்று குற்றம் என்கிறாரே, அவரல்லவா பொய்யர் என்றார் இவர். விநயத் தரப்பினர் இவரை விலக்கி வைத்தனர். சங்கம் இரண்டாகப் பிளந்தது.

குவளை நீரையே இதற்குக் காரணமாகச் சொல்வது பொருந்தாது. நேரில் நின்று பேசியபோது அவர்கள் அதைச் சில நொடிகளில் தீர்த்துக்கொண்டார்களே! முகத்திற்கு எதிரே சொன்னது ஒன்று, மாணவரிடம் சொன்னது வேறொன்று என்றானபோதுதான் பிளவு பிறந்தது. குழுக்கள் உடைவதை அருகிருந்து கண்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

பகவான் புத்தர் இரு தரப்பினரிடமும் சென்றார். விலக்கி வைத்தவர்களிடம் அவர் கூறியது: தமக்குக் குற்றமென்று தோன்றியதாலேயே ஒருவரை விலக்கிவிடக் கூடாது, அதனால் சங்கம் பிளவுறும் என்று கண்டால் அச்செயலைத் தவிர்க்க வேண்டும். விலக்கப்பட்டவரின் தரப்பிடம் கூறியது: தனக்குக் குற்றமாகத் தோன்றாவிடினும், பிளவு நேருமென்று கண்டால், பிறர்மீதுள்ள நம்பிக்கையால் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். யார் சொன்னது சரி என்று அவர் அங்கே தீர்ப்பு வழங்கவில்லை. ஒவ்வொரு தரப்பும் தன் கையில் உள்ளதைச் செய்யட்டும் என்றார். பூசல்களில் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது; தாம் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு, எதிர்த்தரப்பின் கடமையைத்தான் ஒவ்வொருவரும் நன்கு அறிந்திருக்கிறார்கள்.

இங்கே முதற்கேள்வி மீண்டும் எழுகிறது. குற்றம் செய்யவில்லை என்று நம்புபவர், செய்ததாக ஒப்புக்கொண்டால் அது பொய்யாகாதா? பொய்யை முற்றிலும் விலக்கச் சொன்னவர் இதை எவ்வாறு பரிந்துரைக்கலாம்? விடை, பிறர்மீதுள்ள நம்பிக்கை என்ற நிபந்தனையில் இருக்கிறது. தம்மைக் குற்றம் சாட்டுபவர்கள் கற்றவர்கள், விதியறிந்தவர்கள். விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் ஆகியவற்றால் நெறி தவறுபவர்கள் அல்லர் என்பதை எண்ணிப் பார்க்குமாறு அவர் கூறினார். இது, தான் காணாததைக் கண்டதாகச் சொல்வதாகாது. தனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்வதால் ஏற்கிறேன் என்று சொல்வதாகும். இதில் பொய் எங்கே இருக்கிறது? தன் பார்வையே இறுதியானது என்ற பிடிப்பு மட்டுமே இங்கே கைவிடப்படுகிறது. பலரும் சத்தியத்தின்மீதுள்ள பற்று என்று கருதுவது, சற்று ஆராய்ந்தால், அந்தப் பிடிப்பாகவே இருக்கக் காணலாம்.

ஆயினும் எல்லாவற்றிலும் விட்டுக்கொடு என்பது புத்தரின் போதனையாக இருக்கவில்லை. துறவிகள் அனைவரும் வாழ்நாள் முழுதும் வனத்திலேயே வாழ வேண்டும் என்பது முதலிய ஐந்து கடும் விதிகளைத் தேவதத்தர் கோரியபோது, சங்கம் உடையும் நிலை தெரிந்தும் அவர் இணங்கவில்லை. விரும்புவோர் கடைப்பிடிக்கலாம், கட்டாயமாக்க முடியாது என்றார். தனக்கு நேரும் தாழ்வைப் பொறுத்துக்கொள்வது ஒன்று. பிறர்மீது சுமத்தப்படும் சுமைக்கு உடன்படுவது முற்றிலும் வேறு.

கோசாம்பி பிக்குகள் அவருடைய சொல்லைக் கேட்கவில்லை. இந்தப் பூசலை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பகவான் அமைதியாக இருக்கட்டும் என்று மரியாதையோடு சொல்லிவிட்டார்கள்! யாரிடமும் சொல்லாமல் அவர் தனியே புறப்பட்டார். வழியில் ஒரு மூங்கில் வனத்தில் அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் வாழ்ந்து வந்தனர். எவ்வாறு இணக்கமாக வாழ்கிறீர்கள் என்று புத்தர் வினவினார். பிட்சை முடிந்து முதலில் திரும்புபவர் இருக்கைகளை இட்டு, நீர் எடுத்து வைப்பார். கடைசியில் வருபவர் இடத்தைத் துப்புரவு செய்வார். நீர்க்குடம் காலியாக இருப்பதை யார் காண்கிறாரோ அவர் நிரப்புவார். தனியே தூக்க இயலாவிடில், கையசைத்து மற்றொருவரை அழைத்து, பேசாமலே இருவருமாகத் தூக்கி வைப்பார்கள். ஐந்து நாட்களுக்கு ஒருமுறை இரவு முழுவதும் அமர்ந்து தர்மத்தைப் பற்றி உரையாடுவார்கள். அங்கே யாருடைய முறை என்ற கணக்கே இல்லை, கண்டவர் செய்தார். கோசாம்பியிலும் பின்னால் சென்றவர் குவளை நீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்திருக்கலாம். விதியை நன்கு அறிந்திருந்ததே அவருக்குத் தடையாயிற்று போலும்.

இதற்கிடையில், புத்தர் வெளியேறக் காரணமானவர்கள் என்று கோசாம்பி மக்கள் அந்தப் பிக்குகளை வணங்குவதையும் பிட்சையிடுவதையும் நிறுத்தினர். வேறு வழியின்றி இரு தரப்பினரும் புத்தர் இருந்த சிராவஸ்திக்குச் சென்றனர். அங்கே அனாதபிண்டிகர் தாம் என்ன செய்வதென்று கேட்க, இரு தரப்புக்கும் தானம் அளியுங்கள், இரு தரப்பு உபதேசத்தையும் கேளுங்கள் என்றார் புத்தர். யாரும் துரத்தாத அந்தச் சூழலில், விலக்கப்பட்டவர் தாமே சிந்தித்து, தாம் செய்தது குற்றமே என்று உணர்ந்தார். சங்கம் மீண்டும் ஒன்றாயிற்று.

பிளவுக்குக் காரணமான விஷயத்தின் வேரை ஆராயாமல் கூடிவிட்டால் அது முறையான ஒற்றுமையாகுமா என்று அப்போது உபாலி கேட்டார். ஆகாது, அது சொல்லளவில் ஒற்றுமை, பொருளளவில் இல்லை என்பது அவருக்குக் கிடைத்த விடை. சண்டையின் சூட்டில் இரு தரப்பும் சொன்னவற்றையும் செய்தவற்றையும் ஒவ்வொன்றாகக் கிளறினால் பகை வளரும் என்ற நிலைக்கு மட்டும், சூளவக்கத்தில் வேறொரு முறை கூறப்படுகிறது. அழுக்கைப் புல்லால் மூடுவது போன்றது என்பதால் அதற்கு அப்பெயரே வழங்குகிறது. அனைவரும் ஓரிடத்தில் கூட வேண்டும். பெருங்குற்றங்களும் இல்லறத்தார் சம்பந்தப்பட்டவையும் நீங்கலாக, மற்றவற்றைத் தரப்புக்கு ஒருவர் எழுந்து அனைவர் சார்பிலும் ஒப்புக்கொள்ள, அவை மூடப்படும். தமக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொல்பவர்களையும், அங்கு வராதவர்களையும் அந்தத் தீர்வு உள்ளடக்காது.